நஷ்டத்திலும் பங்கு

2011 ஆகஸ்ட் கடைசியில் ஐரீன் புயலின் மழை அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மாண்ட் மாநிலத்தைப் புரட்டிப் போட்டது. பர்லிங்டன் நகரத்தை ஒட்டி ஓடும் வினூஸ்கி ஆறு கரை தாண்டி, இன்டர்வேல் என்ற படுகை நிலத்துக்குள் புகுந்தது. அங்கே ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பல காய்கறிப் பண்ணைகள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பருவத்தில் ஆகஸ்ட் என்றால் தக்காளியும் குடைமிளகாயும் பறிப்பில் இருக்கும் மாதம். கேரட், பூசணி, முட்டைகோஸ் எல்லாம் அடுத்த அறுவடைக்காகத் திரண்டுகொண்டிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு செடி நிமிர்ந்தே நின்றாலும் பயனில்லை. ஆற்றுவெள்ளத்தில் கழிவுநீரும் எரிபொருளும் கலந்திருக்கக்கூடும் என்பதால், வெள்ளநீர் பட்ட காய்கறியை மனிதர் சாப்பிட விற்கக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. கண்ணெதிரே நிற்கும் விளைச்சலை உழுது மண்ணோடு மண்ணாக்க வேண்டியதுதான்.

வழக்கமான பண்ணையில் இந்தக் கதை உழவரோடு முடிந்துவிடும். உழுத கூலி, விதைக் காசு, ஆட்களின் சம்பளம் எல்லாம் அவர் தலையில். நகரத்துக் கடை வேறு மாநிலத்திலிருந்து லாரியில் தக்காளி வரவழைத்துக்கொள்ளும். சாப்பிடுகிறவருக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததுகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பகுதிப் பண்ணைகள் சிலவற்றில் விளைச்சல் விதைப்பதற்கு முன்பே விற்றுப்போயிருந்தது. பனி உருகுவதற்கு முன்னரே ஊர்க் குடும்பங்கள் பருவம் முழுவதற்குமான பணத்தைக் கட்டியிருந்தன. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வெள்ளம் வந்தால் வாரக் கூடை சிறுக்கும், சில வாரம் நின்றும் போகும். கட்டிய பணம் திரும்பி வராது. கையெழுத்துப் போடும்போதே அது உறுப்பினருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சி.எஸ்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சமூக ஆதரவு வேளாண்மை இதுதான். பண்ணைக் காய்கறி பெட்டியில் வந்து சேரும் ஒரு வசதி என்றே பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். காய்கறியைவிட முக்கியமாக இங்கே கைமாறுவது நஷ்டம் என்பது என் எண்ணம். நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் இந்த முறை நிற்கிறது. அந்தப் பங்கை மறைத்துவிட்டுக் கூடையை மட்டும் விற்கும் இடத்தில் தளர்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சந்தையில் விலையிலிருந்துதான் எல்லாம் தொடங்கும்: இன்று கிலோ என்ன போகிறது, அதில் எனக்கு என்ன மிஞ்சும். சி.எஸ்.ஏ. பண்ணையில் செலவிலிருந்து தொடங்குகிறார்கள். ஆண்டு முழுவதற்கும் விதை, நாற்றங்காலுக்கு எரிபொருள், உரம், டிராக்டர் பழுது, நிலக் குத்தகை, ஆட்களின் கூலி, உழவர் குடும்பத்தின் வருமானம் எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். ஒரு கணக்குக்கு அது 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலம் 200 குடும்பங்களுக்குக் காய்கறி தரும் என்றால், ஒரு குடும்பத்தின் பங்கு 500 டாலர். அதைக் கட்டுகிறவருக்கு ஜூன் முதல் அக்டோபர், நவம்பர் வரை இருபது வாரத்துக்கு மேல் வாரம் ஒரு பங்கு விளைச்சல். நிறைய விளைந்தால் கூடை நிறையும், குறைந்தால் எல்லோருக்கும் குறையும். எத்தனை கிலோ என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதும் முக்கியம். குளிர்நாட்டு உழவர் ஜனவரியில் விதைக்கு எழுதிப்போட வேண்டும், மார்ச்சில் நாற்றங்காலைச் சூடாக்க வேண்டும். முதல் வருமானமோ ஜூலையில்தான் கைக்கு வரும். அந்த ஆறு மாத இடைவெளியில்தான் வங்கிக் கடன் நுழைகிறது. பங்குப் பணம் அந்த இடைவெளியை வட்டியில்லாமல் அடைக்கிறது.

ஜூனில் ஒரு பங்கைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கீரையும் இலையும்தான் இருக்கும்: லெட்டூஸ் இரண்டு, பசலை, முள்ளங்கிக் கட்டு, பச்சைப் பட்டாணி. ஆகஸ்ட்டில் அதே பெட்டியைத் தூக்க முடியாது. தக்காளி, கத்தரி, மக்காச்சோளக் கதிர், போன வாரத்து சுக்கினியே தீராத வீட்டுக்கு மேலும் நான்கு சுக்கினி. அக்டோபரில் பூசணியும் உருளையும் கேரட்டும் வெங்காயமும். நடுவில் ஒருநாள் நூல்கோல் வரும். நம் வீட்டுச் சமையலறையில் கூட்டுக்கும் சாம்பாருக்கும் அரியப்படும் அந்த எளிய காய், சி.எஸ்.ஏ. கூடையைத் திறக்கும் அமெரிக்கர் பலருக்கு இதை எப்படித் தோல் சீவுவது என்ற கேள்வியாக வந்து இறங்குகிறது. பண்ணைகள் கூடையோடு சமையல் குறிப்பு அச்சிட்டு வைப்பது இதனால்தான். அலங்காரம் என்று அதை நினைத்துவிடக் கூடாது. எந்தக் காய் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை உறுப்பினர் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்குப் பதிலாக அவருக்குத் தேவைப்படுவது அந்தச் சமையல் அறிவு.

இந்த முறையின் பிறப்பைத் தேடினால் ஜப்பானில் போய் நிற்போம். 1955இல் ஆர்செனிக் கலந்த மொரினாகா பால்மாவால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் நோயுற்றார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1956இல் மினமாட்டாவில் பாதரச நோய் அடையாளம் காணப்பட்டது. மீன் தின்ற குற்றத்துக்காக ஊரே முடங்கியது. சோற்றிலும் பாலிலும் மீனிலும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற பயம் அந்தத் தலைமுறைத் தாய்மாரிடம் இருந்தது. 1971இல் கூட்டுறவு இயக்கத்தில் பல காலம் உழைத்த இச்சிராகு தெருவோ ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். ‘தேய்கெய்’ என்ற சொல்லின் கீழ் உழவரும் உண்பவரும் நேரடியாக இணையும் குழுக்கள் நாடெங்கும் உருவாயின. கைகோத்தல், கூட்டுச் சேர்தல் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லலாம்.

அவற்றில் சிபா மாவட்டத்து மியோஷி கிராமத்தின் ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் தோக்கியோவின் இல்லத்தரசிகள் சிலர், மருந்தடிக்காமல் பயிர் செய்து தருமாறு அந்தக் கிராமத்து உழவர்களிடம் கேட்டுப் போனார்கள். வேதி உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் பழகிப்போன உழவருக்கு அது நெருப்பில் கைவைக்கிற காரியம். பூச்சி தின்றுவிட்டால்? மொத்த விற்பனைச் சந்தை ஓட்டை விழுந்த இலையைத் தொடாதே? அந்தப் பெண்கள் கொடுத்த பதில்தான் இந்த முறையின் ஆதாரம். விளைந்தது முழுவதையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கோணலோ ஓட்டையோ தரம் பிரிக்கத் தேவையில்லை. விலையை நீங்களே சொல்லுங்கள். வாங்குகிறவர் பேரம் பேசும் உரிமையை இப்படிக் கையைவிட்டுக் கொடுப்பது வணிகத்தில் கேள்விப்படாத விஷயம். ஆனால் அவர்கள் கேட்டதும் வணிகத்தில் இல்லாத ஒன்று. நஞ்சில்லாத பயிருக்கு மாறும்போது வரும் முதல் சில ஆண்டுகளின் இழப்பை உழவர் தனியாகத் தாங்கினால் அவர் மாறவே மாட்டார். அந்த இழப்பை வாங்குகிறவர் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதால் அவர் மாறத் துணிந்தார். ஜப்பான் சங்கம் 1978இல் வகுத்த தேய்கெய்யின் பத்து நெறிகளில் இந்த ‘முழுவதையும் எடுத்துக்கொள்ளல்’ ஒரு நெறியாகவே இடம்பெற்றது.

ஐரோப்பாவில் இதே சிந்தனை தனியாக முளைத்தது. ஜெனிவாவில் 1978இல் தொடங்கிய ‘ஜார்தேன் தெ கொக்கான்’ என்ற பண்ணைக் கூட்டுறவு அதன் முன்னோடிகளில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் இந்த முறையில் வேலை செய்த யான் வாண்டர் டூயின் அந்த யோசனையை அமெரிக்காவுக்கு எடுத்துவந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராபின் வான் என் என்ற பெண்மணியின் இந்தியன் லைன் பண்ணையிலும், நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையிலும் 1986இல் முதல் காய்கறிப் பங்குகள் தரப்பட்டன. அமெரிக்காவில் இந்தக் கதையை இவ்விரண்டு பண்ணையோடு தொடங்குவதுதான் வழக்கம். அலபாமாவின் டஸ்கீகி கல்விநிலையத்தில் பேராசிரியராக இருந்த கறுப்பின வேளாண் அறிஞர் புக்கர் வாட்லி, சிறு உழவர் பிழைக்க வேண்டுமானால் முன்பணம் கட்டும் வாடிக்கையாளர் சங்கம் வேண்டும் என்று அதற்கும் முன்பிருந்தே சொல்லிவந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நியாயமில்லை.

டெம்பிள்-வில்டனில் நடப்பது இந்த முறையின் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்கள் கூடுகிறார்கள். உழவர்கள் வரப்போகும் ஆண்டின் செலவுக் கணக்கை முன்வைக்கிறார்கள். பங்குக்கு ஒரே விலை என்று அங்கே கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் தன்னால் எவ்வளவு முடியும் என்று சொல்கிறது. கூட்டிப் பார்த்துத் தொகை பற்றவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் ஏற்றித் தர முடியுமா என்று மறுபடி கேட்கிறார்கள். செலவுக் கணக்கு நிறையும் வரை சுற்று தொடர்கிறது. பிறகு எடுத்துக்கொள்வதும் கட்டிய பணத்தின் அளவில் இல்லை, வீட்டின் தேவை அளவில். காய்கறிக்கும் விலைக்கும் இடையே இருந்த கயிறு முற்றிலும் அறுந்துவிட்டது. உறுப்பினர் வாங்கியது கிலோக் கணக்கை அல்ல; இந்த நிலத்தில் இந்த மனிதர்கள் இந்த ஆண்டும் பயிர் செய்வதை. கேட்கும்போது நடக்காத காரியம் போலத் தோன்றும். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

பிரான்ஸில் இன்னொரு வடிவம். தூலோன் நகரத்தை ஒட்டிய ஒலியூல் என்ற ஊரில் டேனியல், டெனிஸ் வுய்யோன் தம்பதியின் பண்ணை 2001 வசந்தத்தில் ‘அமாப்’ என்று அழைக்கப்படும் முதல் சங்கத்துக்குக் காய்கறி கொடுத்தது. குடியானவர் வேளாண்மையைக் காக்கும் சங்கம் என்பது அந்தச் சுருக்கப் பெயரின் விரிவு. பெயரிலேயே காய்கறி இல்லை, உழவர்தான் இருக்கிறார். அங்கே உறுப்பினர் பருவத் தொடக்கத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மாதம் ஒன்றாகப் போடக்கூடிய காசோலைகளை மொத்தமாக எழுதிப் பொருளாளரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். ஒரே தடவையில் பணம் கட்ட முடியாத குடும்பத்துக்கும் அது ஒத்துவரும்; உழவருக்கோ ஆண்டு முழுதும் எவ்வளவு வரும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். வாரந்தோறும் கூடை பிரித்துக் கொடுக்கும் வேலையை உறுப்பினர்களே முறைவைத்துச் செய்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், பனி விழுந்ததால் இந்த வாரம் லெட்டூஸ் இல்லை என்று உழவர் வாயாலேயே கேட்கிறார்கள். நஷ்டத்தைப் பங்கிடுவதற்கு அதை நேரில் அறிவது முதல் நிபந்தனை.

இனி ஏன் சேர்கிறார்கள் என்ற கேள்வி. பயம் ஒரு பெரிய காரணம், ஜப்பானில் பார்த்தோம். சீனாவில் 2008இல் மெலமைன் கலந்த பால்மாவால் சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் பெய்ஜிங்கின் ஓரத்தில் ‘சிறு கழுதை’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பண்ணை தொடங்கியது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சி.எஸ்.ஏ. பண்ணையில் ஆறு மாதம் மண்ணில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஷி யான் என்ற இளம் ஆய்வாளர் அதை வழிநடத்தியவர்களில் ஒருவர். இது நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு போக்கிடமாக இருந்தது. ருசி இன்னொரு காரணம். காலையில் பறித்த தக்காளிக்கும் காயாகப் பறித்து லாரியில் பழுத்த தக்காளிக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்குக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு மண் தெரிய வேண்டும் என்ற ஆசை, ஊருக்குள் விளைநிலம் வீட்டுமனையாகிவிடக் கூடாது என்ற கவலை, கொடுக்கும் காசு இடைத்தரகரிடம் சிக்காமல் உழவர் கைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்குக் காரணமும் இருக்கிறது. அமெரிக்கர் உணவுக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் உழவருக்குச் சேர்வது ஏறக்குறைய 15 சென்ட்தான் என்பது அந்நாட்டு வேளாண் துறையின் மதிப்பீடு.

சேரும் காரணம் ஒன்று, நிலைக்கும் காரணம் வேறு. ஒரே பருவத்தோடு விலகுகிறவர்கள் சி.எஸ்.ஏ. உழவர்களின் தீராத தலைவலி. விலகுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன: காய் அதிகமாக வருகிறது, வீணாகிறது, பழக்கமில்லாத கீரை வருகிறது, எங்களுக்கு வேண்டியதை எடுக்க முடியவில்லை, செவ்வாய்க்கிழமை மாலையில் போய் எடுத்துவர நேரமில்லை. இவை எல்லாமே வாடிக்கையாளரின் குறைகள். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை. 2020 வசந்தத்தில் கோவிட் பயத்தால் பல பண்ணைகளில் பங்குகள் தீர்ந்து காத்திருப்போர் பட்டியல் நீண்டது. கடை அலமாரிகள் நிறைந்ததும் அந்தக் கூட்டத்தில் கணிசமானோர் வந்த வழியே போய்விட்டார்கள். பயத்தில் வந்தவர் பயம் தீர்ந்ததும் போவது இயல்பு. ஜப்பானின் தேய்கெய் குழுக்கள் மெலிந்ததற்கும் இதே மாதிரிக் காரணம் உண்டு. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது பகலில் காய் பிரிக்க ஆள் குறைந்தது. முத்திரை குத்திய இயற்கைக் காய்கறி பேரங்காடியிலேயே கிடைத்தது. காய்கறி மட்டும்தான் நோக்கம் என்றால் பேரங்காடி போதும்தானே.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல பண்ணைகள் கூடையை வசதியாக்கின: வேண்டிய காயைத் தேர்ந்தெடுக்கலாம், வேண்டாத வாரம் நிறுத்தலாம், வாரா வாரம் காசு கட்டலாம், வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மாற்றம்தான். கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் பெண்ணிடம் செவ்வாய் மாலை நேரில் வந்தே தீர வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது, உழவரின் முகம் அச்சிட்ட பெட்டியில் வரும் மளிகை விநியோகம். பல ஊர்களிலிருந்து காய் வாங்கிப் பெட்டியிலடைத்து விற்கும் வியாபாரிகளும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியா மாநிலம் 2013இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று: சி.எஸ்.ஏ. என்ற பெயரில் விற்கிற பண்ணை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், கூடையில் இருப்பது எங்கே விளைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்த வாரம் பெட்டி வியாபாரி வேறு உழவரிடம் வாங்கிக்கொள்வார். வாடிக்கையாளருக்குக் குறை வராது. நஷ்டமோ பழையபடி, வெள்ளத்தில் நின்ற அந்த ஒருவருக்கே.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வியாபாரத்தில் ஆபத்து முதலாளியுடையது. அதை ஏன் சாப்பிடுகிறவர் தலையில் கட்ட வேண்டும்? பணம் முன்கூட்டியே வந்துவிட்டால் உழவருக்கு மெத்தனம் வராதா? இரண்டுக்கும் பதில் இருக்கிறது. 200 குடும்பங்களுக்கு ஒரு மாதக் காய்கறி போனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது எரிச்சல். அதே நஷ்டம் ஒரே குடும்பத்தின் மேல் விழுந்தால் நிலம் கைமாறிவிடும். எல்லாக் காப்பீட்டுக்கும் அடிப்படையான கணக்கு இதுதான். அமெரிக்க அரசின் பயிர்க் காப்பீடு மக்காச்சோளம், சோயா, கோதுமை என்று பெரும்பரப்புப் பயிர்களை வைத்தே வளர்ந்தது. பல காய்களைக் கலந்து பயிரிடும் சிறு பண்ணைக்குப் பொருந்தும் முழுப்பண்ணைக் காப்பீடு 2015இல்தான் வந்தது. அதுவரை உறுப்பினர்களே காப்பீடாக இருந்தார்கள். தவிர, ஒரே பண்ணையில் முப்பது நாற்பது வகைப் பயிர் இருப்பதால் எல்லாம் ஒரே அடியில் போவது அபூர்வம்; மழை மிகுந்து தக்காளி அழுகும் ஆண்டில் கீரையும் கோஸும் செழிக்கும். மெத்தனம் பற்றிய கவலைக்கு ஒப்பந்தத்தின் காலமே விடை. அது ஓராண்டுக்குத்தான். வாரா வாரம் வந்து வயலைப் பார்க்கும் 200 பேரைவிடக் கடுமையான மேற்பார்வையாளர் எந்த உழவருக்கும் வாய்ப்பதில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் பணம் கட்டாமல் போனால் பண்ணை அன்றோடு முடிந்தது.

காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு இது என்ற ஆட்சேபத்தை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான குடும்பத்தினர் என்பது உண்மை. வாரக் கூலியில் வாழ்கிறவர் மார்ச் மாதத்தில் 500 டாலரை எடுத்து வைக்க முடியாது. ஒரு வாரக் கூடை தவறினால் கடையில் வாங்கிக்கொள்ள அவரிடம் உபரியும் இல்லை. நஷ்டத்தைப் பங்கிட முடிவதே ஒரு வசதிதான். இதைச் சரிசெய்யும் முயற்சிகள் உண்டு. பல பண்ணைகளில் வயலில் வேலை செய்து பங்கைப் பெறலாம். வசதியுள்ளவர் கூடக் கட்டி இல்லாதவர் பங்கைத் தாங்கும் நிதிகள் உண்டு. விஸ்கான்சினின் மேடிசன் நகரத்தில் உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்கள் சி.எஸ்.ஏ. பங்கு வாங்கிய உறுப்பினருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தன. காய்கறி தின்பவருக்கு வைத்தியச் செலவு குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அரசின் உணவு உதவித் திட்டத்தைக் கொண்டும் 2014 வேளாண் சட்டத்துக்குப் பிறகு பங்கு வாங்கலாம். ஆனால் காய் கைக்கு வருவதற்கு 14 நாளுக்கு முன்னதாக அந்தப் பணத்தை எடுக்கக் கூடாது என்பது விதி. ஏழையின் பணம் ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது, அதில் தவறில்லை. விளைவு என்னவென்றால், விதைக்கும் நேரத்தில் முன்பணம் கட்டுகிறவர் என்ற இடம் ஏழைக்கு மறுக்கப்படுகிறது. டெம்பிள்-வில்டனைப் போல, முடிந்தவர் ஏற்றியும் முடியாதவர் குறைத்தும் கட்டும் முறைதான் இதற்கு நேர்மையான விடை என்று நினைக்கிறேன். அதைச் செய்கிற பண்ணைகள் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. இதனால் உழவர் நன்றாக வாழ்கிறாரா? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரயான் கால்ட், அம்மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள சி.எஸ்.ஏ. பண்ணைகளை ஆராய்ந்து 2013இல் எழுதிய கட்டுரையில், இந்த நெருக்கத்துக்கு இருபுறமும் கூர் உண்டு என்று காட்டினார். உறுப்பினரின் அன்பு உழவரைச் சந்தையின் அடியிலிருந்து காக்கிறது. அதே அன்பு, இவர்களிடம் போய் எப்படிக் கூடக் கேட்பது என்ற கூச்சத்தையும் உண்டாக்குகிறது. கூடை கொஞ்சம் மெலிந்த வாரத்தில் உழவர் தன் கையிருப்பைப் போட்டு நிரப்புகிறார். அடுத்த ஆண்டுப் பங்கு விலையை ஏற்றத் தயங்குகிறார். தன் உழைப்புக்குக் கூலியே போட்டுக்கொள்வதில்லை. உறுப்பினர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன நஷ்டத்தை உழவர் திரும்பவும் சத்தமில்லாமல் தன் தோளில் எடுத்துக்கொள்கிறார். சி.எஸ்.ஏ. தோற்றுப்போனதற்கான சான்றாக இதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். பங்கின் விலை எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பேரங்காடியில் இந்தக் காய்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்து வைத்த விலையில் உழவரின் வருமானத்துக்கு இடமே இல்லை. செலவுக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் விரித்து, அதில் ‘உழவர் குடும்பத்துக்கு இவ்வளவு’ என்ற வரியையும் எழுதி, அதைப் பங்கால் வகுத்து வந்த விலையில் அந்தக் கூச்சத்துக்கு வேலை குறைவு. மியோஷிப் பெண்கள் விலையை உழவரே சொல்லட்டும் என்று விட்டதன் அருமை இங்கேதான் புரிகிறது.

இதனால் ஒரு நாட்டுக்கே சோறு போட முடியுமா என்று கேட்டால், முடியாது. 2015இல் அமெரிக்க வேளாண் துறை எடுத்த கணக்கில் 7,398 பண்ணைகள் இந்த வழியில் 22.6 கோடி டாலருக்கு விற்றிருந்தன. அப்போது அந்நாட்டில் இருந்த மொத்தப் பண்ணைகள் 20 லட்சத்துக்கும் மேல். சிறு பண்ணை பிழைப்பதற்கு இருக்கும் வழிகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் போதும்.

தமிழ்நாட்டு உழவருக்கு முன்பணம் புதிதல்ல. கமிஷன் மண்டிக்காரர் நடவுக்கும் மருந்துக்கும் பணம் கொடுக்கிறார். பணம் வாங்கியவர் காயை அதே மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அன்றைய ஏலத்தில் என்ன போகிறதோ அதுதான் விலை, அதிலிருந்து கமிஷனும் கடனும் கழியும். முன்பணம் உண்டு, நஷ்டத்தில் பங்கு இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியது. சில வாரங்களிலேயே பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் கீழே போனது. ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கில், தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவருக்குச் சேர்வது சுமார் 33 காசு. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகரை விலக்கியது, அது பெரிய காரியம். ஆனால் அங்கேயும் விளைந்து வந்த காய்க்குத்தான் காசு. விளையாமல் போனதற்கு இல்லை.

விளைச்சலிலும் விளைச்சல் தவறுவதிலும் பங்கு என்ற எண்ணம் நம் மண்ணுக்கு அந்நியமும் அல்ல. பணக்குத்தகைக்கும் விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு எந்தக் கிராமத்துக்கும் தெரியும். குத்தகையில் மழை பொய்த்தாலும் பேசிய பணத்தைக் கட்டியாக வேண்டும்; வாரத்தில் விளைந்ததைத்தான் பிரித்துக்கொள்வார்கள், குறைந்தால் நிலக்காரருக்கும் குறையும். வாரத்தில் நிலக்காரர் நின்ற இடத்தில் சாப்பிடுகிறவர் வந்து நிற்பதுதான் சி.எஸ்.ஏ. மாதாமாதம் சீட்டுக் கட்டிப் பழகிய குடும்பங்களுக்குப் பங்குப் பணத்தைத் தவணையில் கட்டுவதும் கடினமில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூறு வீடுகள் சேர்ந்து ஒரு பண்ணையோடு இப்படிப் பேச வேண்டுமானால், முதல் கூட்டத்தில் எந்தக் காய் வரும், வாசலுக்கு வருமா என்ற பேச்சுக்கு முன்பாக இரண்டு வரியை எழுதிக்கொள்ள வேண்டும்: உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு, மழை கெடுத்தால் யாருக்கு எவ்வளவு குறையும். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க ஆனியிலேயே பணம் வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்ட வேண்டிய மாதம் வைகாசி.